கார்மேகம் ஐயாவின் ஆறாவது விமானம்

ரொறன்ரோ ஏரிக்கரை ஐந்துமாடி வாகனத் தரிப்பிடத்தின் மேற்பார்வையாளராக ஒன்பது ஆண்டுகள் பணிபுரிந்து, எழுபத்தாறாவது வயதில் இன்று ஓய்வுபெறும் எட்வின் கார்மைக்கல் ஐயா அவர்களுக்கு, அவருடைய தமிழ் ஊழியர்கள் ஐந்தாம் மாடியில் வாசித்தளிக்கும் மடல்.

29 ஓகஸ்ற் 1997, வெள்ளிக்கிழமை

வானத்தை அளந்த வல்லவரே! அலைமேல் ஆடும் கப்பலில் அரைநொடியில் இறங்கிய ஆற்றலாளரே! ஐந்து மாடியில் எந்த மூலையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தாலும் அதை மூக்காலேயே கண்டுபிடிக்கும் மதியூகியே!

இந்த மூன்று விளிகளும் எங்கள் அருள்நாயகம் அண்ணையின் கைவண்ணம். ஊரில் கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர்; இங்கே மூன்றாம் மாடிக்குப் பொறுப்பாளர். ரெக்ஸ்டேலில் இருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி வருகிறவர், வாகனத்துக்கு ஒன்பது வீதம் இருபத்தேழு விளிகள் எழுதிக்கொண்டு வந்தார். அவற்றில் நீங்கள் ஆதவனாகவும் ஆலமரமாகவும் அட்சய பாத்திரமாகவும் இருந்தீர்கள். ஒரு மனிதரை ஒரே மூச்சில் மரமும் பாத்திரமும் ஆக்கினால் அவர் எங்கே போய் நிற்பார் என்று நினைத்து இருபத்துநான்கை வெட்டிவிட்டோம். அண்ணை இன்னும் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் எழுதாத, ஆனால் நாங்கள் எல்லோரும் இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் சொன்ன விளி ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறோம்.

கார்மேகம் ஐயா அவர்களே,

அந்தப் பெயரை உங்களுக்குச் சூட்டியவர் நிலக்கீழ் மாடியைக் கவனிக்கும் வீரக்குட்டி. மட்டக்களப்பில் இருந்து வந்து மூன்றாம் நாள் வேலைக்குச் சேர்ந்தவர், நீங்கள் கைகொடுத்து உங்கள் பெயரைச் சொன்னதும், "ஐயா தமிழா இரிக்கிறீங்க, கார்மேகம் எண்டு எங்கட பக்கத்திலயும் ஆக்கள் இரிக்கு" என்று மகிழ்ந்துபோனார். மொழிபெயர்த்துச் சொன்னோம். பொருள் கேட்டீர்கள். மழையைச் சுமந்துவரும் கறுத்த மேகம் என்றோம். "நல்ல பெயர். மேகத்துக்குள் புகுந்துவிட்டால் ஒருவராலும் பிடிக்க முடியாது" என்றீர்கள். கார் நிறுத்துமிடத்து மேற்பார்வையாளர் ஒருவர் எதற்காக மேகத்துக்குள் புகவேண்டும் என்று கேட்க அன்று எங்களில் எவருக்கும் புத்தி ஓடவில்லை.

இந்த மடலில் உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகுதான் அதிலுள்ள சங்கடம் தெரிந்தது. வீட்டில் மாட்டும்போது ஒன்றில் உங்களுக்கு விளங்கும் பக்கம் சுவரைப் பார்க்கும், அல்லது நாங்கள் சுவரைப் பார்ப்போம். எது என்பதை உங்கள் பெருந்தன்மைக்கு விட்டுவிடுகிறோம்.

உங்கள் பணியின் சிறப்பை என்னவென்று சொல்வது. இந்த மொட்டைமாடியை ஒருநாளும் நீங்கள் மாடி என்று சொன்னதில்லை, கப்பல்காரர்போல 'டெக்' என்பீர்கள். பனிக்காலத்தில் வழுக்கிக்கொண்டு மேலேறிவரும் கார்களுக்கு முன்னால் இரண்டு கைகளையும் தோளுயரத்துக்கு விரித்துக்கொண்டு நிற்பீர்கள். இடக்கை தாழ்ந்தால் கார் இடப்பக்கம் சரிகிறது. கைகள் இரண்டும் கீழே குறுக்காக வந்தால் இஞ்சினை நிற்பாட்டு. வயதான சாரதிகள்கூட உங்கள் கையைப் பார்த்துப் பார்த்து, கதவைத் திறக்க ஒரு சாண் மட்டும் விட்டு, கோடு பிசகாமல் வந்து நிற்பார்கள். உங்களுடைய காலத்தில் இந்தக் கட்டடத்தில் ஒரு காரும் இன்னொரு காரை உரசியதில்லை. அருள்நாயகம் அண்ணை மூன்றாம் மாடித் தூணை உரசியது தனிக்கதை; தூண் கார் அல்ல.

பிறகு அந்த நீல மட்டைப் பதிவேடு. ஒவ்வொரு நாளும் காலை முதல் வேலையாக அதில் காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம் எல்லாம் எழுதுவீர்கள். "கார் விடுறதுக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சால் என்ன ஐயா?" என்று அண்ணை ஒருமுறை கேட்டார். இறங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றீர்கள். யார் இறங்குகிறது, எங்கிருந்து இறங்குகிறது என்று அப்போதும் நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள்.

இனி கோணேஸ்வரியின் கதைக்கு வருகிறோம். இதை இப்போது உங்கள் முன் நின்று வாசிக்கிறவர் அவர்தான் என்றாலும், தன்னைப் பற்றித் தானே வாசிக்க அவருக்கு வெட்கமில்லை என்று சொல்லியிருக்கிறார்.

1992 மார்கழியில், ஒன்றின்மேல் ஒன்றாக நாலு சுவெற்றர் போட்டுக்கொண்டு, வாசல் பூத்தில் வேலைக்கு வந்து உட்கார்ந்தார் கோணேஸ்வரி. எந்த ஊர் என்று கேட்டீர்கள். திருகோணமலை என்றார். உங்கள் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது என்று இன்றைக்கும் சொல்வார். துறைமுகம் எப்படி இருக்கிறது என்று ஆசையோடு கேட்டீர்கள்.

"துறைமுகம் நல்ல வடிவு ஐயா," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார் கோணேஸ்வரி. "ஆனால் அதுக்குள்ளை நேவி நிக்குது. நேவி எண்டால் நாங்கள் ஓடி ஒளிப்பம். பிளேன் எண்டால் அதைவிட வேகமா."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். மூடினீர்கள். தேநீர் குடிப்பாயா என்று கேட்டீர்கள். நீங்கள் கொடுத்த தேநீர் வாயில் வைக்க முடியாததாக இருந்தபடியால், மறுநாளில் இருந்து கோணேஸ்வரியே இஞ்சி போட்டு ஒரு தெர்மோஸில் கொண்டுவரத் தொடங்கினார். பத்தரை மணிக்கு ஒரு கோப்பை உங்களுக்கு, ஒரு கோப்பை அவருக்கு. ஒருநாளும் தவறியதில்லை, நாங்கள் சொல்லப்போகும் அந்தப் பதினொரு நாட்களைத் தவிர.

ஏரிக்கரையில் ஒவ்வொரு கோடை முடிவிலும், தொழிலாளர் தின விடுமுறையோடு சேர்த்து மூன்று நாட்கள் விமானக் காட்சி நடக்கும். போர் விமானங்கள் தலைக்கு மேல் தலைகீழாகப் பறக்கும். கீழே சனம் ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டு கைதட்டும். அந்த நாட்களில் அருள்நாயகம் அண்ணைக்கு வருடம் தவறாமல் காய்ச்சல் வரும். வீரக்குட்டி நிலக்கீழ் மாடியைக் கழுவிக்கொண்டிருப்பார். பிக்கரிங்கில் இருந்து வரும் இரண்டாம் மாடி றீற்றாவுக்கு ரயில் பிந்தும். ஒருவருக்கொருவர் காரணம் சொன்னதில்லை. 1994ஆம் ஆண்டு சனிக்கிழமை மட்டும் கூட்டம் தாங்காமல் நாலு பேரையும் வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். முந்திய வருடம் அந்த நாட்களில் விடுப்பில் இருந்தபடியால், கோணேஸ்வரிக்கு அதுதான் முதல் விமானக் காட்சி. அப்படி ஒன்று இருப்பதையே அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

மதியம் கழிந்த நேரம். கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்து, சத்தத்துக்கு முன்னால் நிழல் வந்தது. கோணேஸ்வரியின் கை தடைக்கம்பை உயர்த்தும் பொத்தானில் இருந்தது. கம்பு உயர்ந்தது, அதற்குள் அவர் பூத்தில் இல்லை. பக்கத்தில் நின்ற சிவப்பு வான் வண்டிக்குக் கீழே இருந்தார். அடுத்த காருக்குக் கீழே வீரக்குட்டியும் றீற்றாவும். அருள்நாயகம் அண்ணை தான் ஓடவேயில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறார். கால் இடறி விழுந்த இடம் காருக்குக் கீழாக அமைந்துவிட்டதாம்.

வரிசையில் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. யாரோ சிரித்தார்கள். நீங்கள் ஒருமுறை வானத்தைப் பார்த்தீர்கள். ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். பிறகு தொப்பியைக் கழற்றி, எழுபத்துமூன்று வயது முழங்கால்களை ஒவ்வொன்றாக மடித்து, எண்ணெய்க் கறை பிடித்த நிலத்தில் கோணேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து படுத்தீர்கள்.

"எத்தனை?" என்று கேட்டீர்கள்.

"நாலு," என்றார் கோணேஸ்வரி, கண்ணைத் திறக்காமல்.

"நானும் நாலுதான் எண்ணினேன்," என்றீர்கள்.

அன்றைய பதிவேட்டில் உங்கள் கையெழுத்தில் உள்ளது இது: "13.42. கிழக்கில் இருந்து நான்கு விமானங்கள், மிகத் தாழ்வாக. அடையாளம் தெரியாதபடியால் எதிரியாகக் கொள்ளப்பட்டன. ஊழியர்கள் என் உத்தரவின்படி பதுங்கினர். 14.04. ஆபத்து நீங்கியது. சேதம்: எனது காற்சட்டையின் இடது முழங்கால்."

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்தில் இருந்து பெரிய மனேஜர் வந்தார். பெரியவர் பதவியில்தான், வயதில் உங்கள் பேரன். இருபத்திரண்டு நிமிடம் தடைக்கம்பு திறந்து கிடந்ததற்கும், காத்திருந்தவர்கள் கூச்சல் போட்டதற்கும், பூத்தை விட்டு ஓடிய பெண்ணை அன்றோடு நிறுத்திவிடப்போவதாகச் சொன்னார். கோணேஸ்வரிக்குப் போகவிருந்தது வேலை மட்டும் அல்ல. கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்த கணவரை இங்கே எடுப்பதற்கு அவர் போட்டிருந்த விண்ணப்பத்தின் உயிர் அந்த வேலைக் கடிதத்தில் இருந்தது. கடிதம் இல்லையென்றால் கணவர் இல்லை. அதை அவர் மனேஜரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லியிருந்தார்.

அறைக்குள் நடந்ததைக் கோணேஸ்வரி எங்களுக்குப் படிக்கட்டில் வைத்துச் சொல்லிக்காட்டியது இப்படி: "எதிரி எண்டு எழுதியிருக்கிறீர், ஆர் எதிரி எண்டு அவன் கேட்டான். மேலை வாறது ஆரெண்டு தெரியுமட்டும் எதிரிதான், அதுதான் முறை எண்டார் ஐயா. உமக்கென்ன தெரியும் அந்த முறையைப் பற்றி எண்டு அவன் சிரிச்சான். இவர் பையுக்குள்ளை இருந்து இன்னொரு கொப்பியை எடுத்து மேசையிலை வைச்சார். பழசு. மட்டையிலை நங்கூரம் போட்டிருந்தது. அவன் தாளைப் பிரட்டிப் பிரட்டி ஒரு இடத்திலை நிண்டிட்டான். பிறகு கதிரையை விட்டு எழும்பி, சேர், நீங்கள் ஒரு ஏஸ் எண்டான். என்ரை பேரைப் பிறகு எடுக்கவேயில்லை."

"ஏஸா?" என்றார் வீரக்குட்டி. "முன்னூத்திநாலு சீட்டு விளையாட்டில ஏஸ் மூண்டாவதுதானே. ஜாக் இரிக்கு, அதுக்குக் கீழ ஒம்பது, அதுக்குக் கீழதான் ஏஸ். மூண்டாவது ஆளுக்கா அந்தப் பொடியன் எழும்பி நிண்டவன்?"

றீற்றாதான் நூலகத்தில் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். "சண்டையிலை அஞ்சு பிளேனை விழுத்தினால்தான் அந்தப் பேர் குடுப்பினமாம். எங்கடை ஐயா அஞ்சு விழுத்தியிருக்கிறார். ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லையே."

நாங்கள் குதித்தோம். கோணேஸ்வரி குதிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பழைய கொப்பியின் திறந்த பக்கத்தில், ஐந்து என்ற எண்ணுக்கு மேலே, அவர் தன்னுடைய ஊரின் பெயரைப் படித்திருந்தார். அதற்குப் பக்கத்தில் அங்குள்ள சீனக்குடா விமானத் தளத்தின் பெயர்.

"சீனக்குடாவிலை இருந்து பிளேன் எழும்பினால் எங்கடை வீட்டுக் கோப்பை ஆடும்," என்றார். "கோப்பை ஆடினால் பங்கருக்குள்ளை ஓடவேணும். இவர் அங்கையிருந்து எழும்பினவர்."

"அக்கா, அது அம்பது வருசத்துக்கு முந்தி," என்றார் றீற்றா. "அது வேறை நேவி. உலக யுத்தம், வேறை சண்டை."

"ஓடுபாதை அதுதானே."

மறுநாள் பத்தரை மணிக்குத் தெர்மோஸ் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தன் வேலையைக் காப்பாற்றியவருக்கு முகம் கொடுக்காமல் இருப்பது நன்றிகெட்ட வேலை என்று கோணேஸ்வரிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை கோப்பையை எடுக்க மறுத்தது. இரண்டு வருடமாக நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்பதும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை, கூடியது. நீங்களோ உங்களுடைய அந்த வாயில் வைக்க முடியாத தேநீரைக் குடித்துக்கொண்டு கையை விரித்துக் கார்களை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள்.

பதினோராம் நாள் பின்னேரம், உடைந்த மின்குமிழ் ஒன்றைப் பதிவதற்காகக் கோணேஸ்வரி நீல மட்டைப் பதிவேட்டைத் திறந்தார். காற்று வடமேற்கு. பார்வைத் தூரம் நன்று. அதற்குக் கீழே: "10.30. தேநீர் இல்லை. காரணம் நியாயமானது." முந்திய பக்கத்தைப் பிரட்டினார். "10.30. தேநீர் இல்லை. காரணம் நியாயமானது." பதினொரு நாட்களும் அப்படியே இருந்தது, ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல்.

பதிவேட்டை மூடிவிட்டு ஐந்து மாடியும் படியேறி இங்கே வந்தார். மூச்சு வாங்கியது.

"அது விளையாட்டுப் பிளேன் எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றார். "பிறகேன் காருக்குக் கீழை வந்தனீங்கள்?"

நீங்கள் சொன்ன பதிலைக் கோணேஸ்வரி எங்களுக்குத் தமிழாக்கித் தந்தார். அதில் நாங்கள் கைவைக்கவில்லை. அருள்நாயகம் அண்ணையையும் விடவில்லை. "நான் மேலே இருந்து பார்த்தவன். நிற்கிறவன் அங்கிருந்து தெரிவான். படுத்திருப்பவன் தெரியமாட்டான். நீங்கள் நாலு பேரும் சரியாகச் செய்தீர்கள். நான் மட்டும் நின்றிருந்தால் உங்களைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன்."

கோணேஸ்வரி படிக்குத் திரும்பினார். பிறகு, நாளைக்கு இஞ்சி கூடப் போடவா என்று கேட்டார்.

இப்படிப்பட்ட உங்களுக்கு மடல் எழுத உட்கார்ந்தபோது ஒரு சொல்லில் வந்து எங்களுக்குக் கால் தடக்கியது. உங்கள் படையின் பெயர். ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டுப் படகை விட்டுக் குதித்தவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் குடும்பத்தோடு ஸ்காபரோவில் இருந்து வந்து இந்த நாற்காலிகளில் இருக்கப்போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அதை எப்படி வாசிப்பது? அருள்நாயகம் அண்ணை ஒரு தந்திரம் செய்து 'ஆழிப்படை' என்று எழுதினார். கேட்கிறவருக்கு விளங்காது, ஆகவே வலிக்காது. கோணேஸ்வரி பேனையை வாங்கி அதை வெட்டினார்.

"ஆழியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றார். "உள்ள சொல்லை எழுதுங்கோ. அதை வேறை ஆரும் வாசிக்க வேண்டாம். நான் வாசிக்கிறன்."

வாசிக்கிறார், கேளுங்கள்.

நோவா ஸ்கோஷியாக் கரையில் மீன்பிடிகாரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, இருபதாவது வயதில் கடற்படையில் சேர்ந்து, கடற்படை விமானியாகி, இருட்டிலும் புயலிலும் துள்ளும் கப்பல் தளத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட தடவைகள் இறங்கி, நோர்வேயின் குளிரிலும் சுமாத்திராவின் வெயிலிலும் தன் தோழர்களின் தலைமேல் குண்டுபோட வந்தவர்களை மறித்து நின்று, ஐந்து விமானங்களை வீழ்த்தி, இருபத்துநான்கு வயதில் பதக்கம் வாங்கி, அந்தப் பதக்கத்தைச் சமையலறை மேசை லாச்சியில் போத்தல் திறப்பானுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, நாற்பது வருடம் உழவு இயந்திர உதிரிப்பாகம் விற்று, மனைவியை இழந்தபின் வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்த கடற்படைப் போர்விமானி எட்வின் கார்மைக்கல் அவர்களே, உங்கள் கீழ் வேலை செய்தோம் என்பதில் நாங்கள் பெருமைப்படுகிறோம். இந்த வாக்கியம் நீளம் என்று நாங்கள் அறிவோம். இதில் வெட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

இன்னுமொன்று. ஒரு விமானத்தை வீழ்த்தியதாக விமானி சொன்னால் மட்டும் போதாதாம்; கண்ட சாட்சி வேண்டுமாம். அந்த முறைப்படி, கீழே ஒப்பமிடும் நால்வரும் சாட்சியாக இதைப் பதிவுசெய்கிறோம். 1994 செப்ரெம்பர் மூன்றாம் திகதி, 13.42 மணிக்கு, துப்பாக்கி இல்லாமல், முழங்காலில் இருந்து, நீங்கள் ஆறாவதை வீழ்த்தினீர்கள். காருக்குக் கீழே இருந்து கண்ணால் கண்டோம். அந்த வேலைக் கடிதத்தில் வந்து சேர்ந்த கோணேஸ்வரியின் கணவர் முன்வரிசையில், கையில் கட்லெற்றோடு இருக்கிறார், அவரும் சாட்சி. வீரக்குட்டியும் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். முன்னூற்றிநாலில் இனி உங்கள் பெயர் ஏஸ் இல்லை, ஜாக்.

வீட்டிலும் நீங்கள் பதிவேடு எழுதுவீர்கள் என்று தெரியும். செவ்வாய் தோறும் பத்தரை மணிக்கு உங்கள் கதவில் தெர்மோஸ் வந்து தட்டும். அதற்குக் கதவு திறக்க ஆள் வேண்டும். ஆகவே நோயின்றி, நொடியின்றி, முழங்கால் வலியின்றி, எங்களுக்கு அலுக்கும் மட்டும் நீங்கள் வாழவேண்டும். எங்களுக்கு இலேசில் அலுக்காது.

மணி மூன்றாகிறது. நாளைய காட்சிக்கு ஒத்திகை பார்க்கும் விமானங்கள் இப்போது வரும். விழாவை இந்த நாளில், இந்த மாடியில், இந்த நேரத்தில் வைத்தது தவறுதலாக அல்ல; கோணேஸ்வரி கேட்டு வைத்தது. சத்தம் வந்தாலும் வாசிப்பை நிறுத்துவதில்லை என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தினாலும் குறையில்லை. இந்த மேசைக்குக் கீழே ஐந்து பேருக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறோம், நடுவில் உள்ளது உங்களுக்கு, முழங்காலுக்கு மெத்தையோடு. ஆனால் அதற்குத் தேவை வராது என்று நினைக்கிறோம். நீங்கள் கதிரையில் இருந்தபடியே எண்ணுங்கள், ஐயா. கோணேஸ்வரி நின்றபடியே எண்ணுவார். பிறகு எத்தனை என்று அவரைக் கேளுங்கள்.

இங்ஙனம்,
சாட்சிகள்

கோணேஸ்வரி, வாசல் பூத்
வீரக்குட்டி, நிலக்கீழ் மாடி
றீற்றா, இரண்டாம் மாடி
அருள்நாயகம், மூன்றாம் மாடி (விளிகள் வெட்டப்பட்டதற்கு ஆட்சேபத்துடன்)